சொல்லிவிட்டுப் போயிருக்கலாமா?

16 ஆகஸ்ட் 2021 (வாசகர் கேள்வி)

காபூல் நேற்று தாலிபான் கையில் விழுந்தது. ஓடுபாதையில் விமானத்தோடு சேர்ந்து ஓடும் கூட்டத்தை இன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 20 வருடம் இருந்த அமெரிக்கர்கள் இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கக் கூடாதா? நுழைந்ததே தப்பு என்று வைத்துக்கொள்வோம். நம்பி வந்தவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய தப்பில்லையா? நம் அமைதிப்படை 1990இல் இலங்கையிலிருந்து திரும்பியதும் இதே கணக்கில்தான் வரும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

17 ஆகஸ்ட் 2021

மறுக்கிறேன். 1988 நடுவிலிருந்து கடைசிக் கப்பல்கள் வரை அமைதிப்படையில் இருந்தவன் நான். கிழக்கு மாகாணத்தில் ஒரு சின்ன முகாமில் வயர்லெஸ் வேலை. தமிழ் தெரிந்தவன் என்பதால் வாசலில் மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

"இன்னும் ஒரு வருடம்" என்பதை நான் அங்கே இருக்கும்போதே கேட்டாகிவிட்டது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஆயுதங்களை வாங்கி வைத்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் படை போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை வெடித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியச் சிப்பாய்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். யாழ்ப்பாணம் கைக்கு வந்தால் முடிந்தது என்றார்கள். வந்தது, முடியவில்லை. மாகாண சபைத் தேர்தல் நடந்தால் போதும் என்றார்கள். 1988 நவம்பரில் அதுவும் நடந்தது. படை 70,000 பேருக்கு மேல் வளர்ந்தது. எங்களில் இறந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 1,200 பேர்.

எனவே ஒரு வருடம் கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: போன வருடம் செய்யாத எதை இந்த வருடம் செய்யப் போகிறோம்? பதில் இல்லையென்றால் அந்த வருடம் யாருக்காக? 1965 மார்ச்சில், அமெரிக்கா வியட்நாமில் முழுதாக இறங்காத நேரத்தில், பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) அதிகாரி ஜான் மெக்நாட்டன் ஒரு குறிப்பில் தங்கள் நோக்கங்களைச் சதவீதமாகப் பிரித்து எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பதற்கு 70. நிலம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு 20. தென் வியட்நாம் மக்கள் நல்லபடியாக, சுதந்திரமாக வாழ்வதற்கு 10. 1971இல் பென்டகனின் ரகசிய ஆவணங்கள் கசிந்து வெளிவந்தபோதுதான் உலகத்துக்கு அது தெரிந்தது. தோற்ற இடத்தில் இன்னும் ஒரு வருடம் நிற்பது பெரும்பாலும் அந்த 70க்காகத்தான். அந்த 10க்காக என்று மேடையில் சொல்வார்கள்.

18 ஆகஸ்ட் 2021

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன். போவது சரி என்று நிரூபித்துவிட்டால் எப்படிப் போனாலும் சரி என்று ஆகிவிடாது.

விமான நிலையக் காட்சியைவிட ஜூலையில் வந்த பக்ராம் செய்திதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அத்தனை பெரிய விமானத் தளம். அமெரிக்கர்கள் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள். விளக்குகள் அணைந்தன. பொறுப்பேற்க வேண்டிய ஆப்கான் தளபதிக்கே அவர்கள் போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது என்று ஆப்கான் அதிகாரிகள் சொன்னார்கள். அந்த இருட்டு எனக்குப் பழக்கமான இருட்டு.

அப்புறம் நேற்று முன்தினம் பைடன் பேசியதைக் கேட்டேன். உதவியாளர்களை ஏன் முன்கூட்டியே வெளியேற்றவில்லை என்பதற்கு ஒரு காரணம் சொன்னார்: கூட்டம் கூட்டமாக ஆட்களை ஏற்றினால் நம்பிக்கை சரிந்துவிடும், வேண்டாம் என்று ஆப்கான் அரசே கேட்டுக்கொண்டதாம். பலருக்கு இது சாக்காகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. 1975 ஏப்ரலில், தென் வியட்நாம் விழும் நேரத்தில், அதன் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதர் கிரஹாம் மார்ட்டினும் இதே பயத்தில்தான் நாள் கடத்தினார். வெளிப்படையாக ஆட்களை ஏற்றத் தொடங்கினால் நகரமே பீதியில் சரியும் என்றார். கடைசியில் ஹெலிகாப்டர்களில் ஏறக்குறைய 7,000 பேரை ஏற்றினார்கள். ஏற்றுவோம் என்று வாக்குக் கொடுக்கப்பட்ட சுமார் 400 பேர் தூதரக வளாகத்துக்குள்ளேயே விடப்பட்டார்கள்.

இருப்பதா, போவதா என்பதில்தான் தர்மசங்கடம் என்கிறார்கள். தோற்றுப்போன பிறகு அந்தக் கேள்விக்கு அநேகமாக ஒரே பதில்தான் இருக்கிறது. சிக்கல் அதற்கு அடுத்த படியில். போகிறோம் என்று சொன்னால் நம்மோடு நிற்பவன் அன்றிரவே கலைந்துவிடுவான், நம் முதுகுப்பக்கம் திறந்துவிடும். சொல்லாவிட்டால் நாம் போன மறுநாள் அவன் மாட்டிக்கொள்வான். சொல்வதா, மறைப்பதா? இதைத்தான் நான் 32 வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

19 ஆகஸ்ட் 2021

"புலி வாலைப் பிடித்த கதை" என்று ஒருவர் முடித்துவிட்டார். விட்டாலும் ஆபத்து, பிடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் அதில் ஆபத்தெல்லாம் வாலைப் பிடித்தவனுக்கு. படை திரும்பும்போது வாலைப் பிடித்தவன் கப்பலேறி வீட்டுக்குப் போய்விடுகிறான். புலி பாய்வது பக்கத்தில் நின்று, அவன் சொன்னதை நம்பிக் கயிறு பிடித்தவன்மேல்.

22 ஆகஸ்ட் 2021

"அந்த இருட்டு" என்று எழுதியதைப் பற்றி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, எழுதுகிறேன்.

1989இல் நாங்கள் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க, வடகிழக்கு மாகாண அரசுக்குக் காவலாக ஒரு படை வேண்டும் என்று தமிழ் தேசிய இராணுவம் உருவானது. டி.என்.ஏ. என்போம். மாகாண அரசை நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற தமிழ் இயக்கமும் கூட்டாளி இயக்கங்களும் ஆள் சேர்த்தன, இந்தியா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. ஆள் சேர்த்தன என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், பஸ்ஸில், கடைத்தெருவில் பிடித்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் "பிள்ளை பிடி".

எங்கள் முகாமை ஒட்டி ஒரு பழைய நெல் கிட்டங்கியில் அப்படிப் பிடித்து வந்த பையன்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சீருடைச் சட்டை பெரும்பாலானவர்களுக்குத் தொளதொளவென்று இருக்கும். கையைச் சுருட்டிச் சுருட்டி முழங்கைக்கு மேல் தடியாக ஒரு வளையம்போல விட்டிருப்பார்கள். அதில் ஒரு பையனின் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை வாசலுக்கு வருவார். மகனுக்குப் பதினேழு வயது. முதல் தடவை வந்தபோது சென்ட்ரியில் நின்றவனுக்கு ஒன்றும் புரியாமல் என்னைக் கூப்பிட்டான். நான் தமிழில் பேசியதும் அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மகன், நீங்களும் தமிழ்தானே. இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்களன்."

எடுத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் என்னைத்தான் கேட்பார். மகனைப் பார்க்க விடுவார்கள். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பேசுவார்கள். பேசுவதைவிட அவர் அவனுடைய சட்டைக் கையை அவிழ்த்து மறுபடி ஒழுங்காகச் சுருட்டிவிடுவதுதான் அதிகம்.

ஒரு நாள் மகனைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்க்க வந்தார். "நீங்க எல்லாரும் போகப் போறீங்களாம். உண்மையா மகன்? போறதெண்டா எனக்கு ஒரு சொல் சொல்லுங்க. நான் அவன எங்கயாவது கூட்டிப் போயிருவன்."

"எங்களுக்கே ஒன்றும் தெரியாதம்மா" என்றேன்.

சில நாளில் கிளம்பினோம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். வண்டிகளின் முன்விளக்கைப் போடாமல் வரிசையாக வெளியே வந்தோம். கிட்டங்கியைத் தாண்டும்போது யாரோ ஒரு பையன் உள்ளேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

இதற்கு மேல் இன்று முடியவில்லை.

24 ஆகஸ்ட் 2021

பொருட்களின் பட்டியலை எழுதியதும் நான்தான். கேபிள் சுருள் எத்தனை, பேட்டரி எத்தனை, எண்ணெய் கேன் எத்தனை, மூடி உள்ளது எத்தனை, மூடி இல்லாதது எத்தனை. மூன்று பிரதி. ஒரு கேன் குறைந்ததற்கு அரை நாள் தேடினோம். எங்களுக்குச் சமைத்தவர், வழி காட்டியவர், துணி வெளுத்தவர், பேச்சை மொழிபெயர்த்த பள்ளிக்கூட வாத்தியார் என்று யாருடைய பெயரும் எந்தத் தாளிலும் இல்லை. அமெரிக்கர்கள் ஆப்கான் உதவியாளர்களுக்கு விசா கொடுக்க 2009இலேயே சட்டம் போட்டார்கள். அது ஆமை வேகத்தில் போனது என்று எல்லோரும் திட்டுகிறார்கள், திட்டட்டும். எங்களிடம் ஆமைகூட இல்லை.

பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

27 ஆகஸ்ட் 2021

நேற்று காபூல் விமான நிலைய வாசலில் குண்டு. 13 அமெரிக்கப் படையினரும் ஏறக்குறைய 170 ஆப்கானியரும் இறந்தார்கள். சாக்கடைக் கால்வாய்க்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு காகிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பலர்.

பட்டியல் பற்றி நான் எழுதியதற்கு, அது எதிரி கையில் சிக்கினால் அதுவே ஆளைக் கொல்லும் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, என் உறுதியான எண்ணம் தப்பு. ஆப்கானிஸ்தானில் கைரேகையும் கண்ணின் கருவிழிப் பதிவும் எடுக்கும் கருவிகள் தாலிபான் கையில் சிக்கிவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. யார் யாரோடு வேலை செய்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு கருவி போதும். எங்கள் முகாமில் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்து, அந்த அவசரத்தில் அதை மறந்துவிட்டுக் கிளம்பியிருந்தால்? கேபிள் சுருளையே இரண்டு விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

ஆகவே எழுத வேண்டியது பட்டியல் அல்ல. ஆளையே கூட்டிக்கொண்டு போவது, அல்லது போகச் சொல்லி நேரம் கொடுப்பது. இரண்டுக்கும் முதலில் சொல்ல வேண்டும். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

31 ஆகஸ்ட் 2021

கடைசி அமெரிக்கச் சிப்பாய் விமானத்தில் ஏறும் பச்சை நிறப் படம் எல்லா இடத்திலும். 1989 பிப்ரவரி 15 அன்று, சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போன நாளில், தளபதி போரிஸ் க்ரோமோவ் அமு தார்யா ஆற்றின் பாலத்தில் நடந்து போனதும் இப்படித்தான் படமானது. எனக்குப் பின்னால் ஒரு சோவியத் வீரனும் இல்லை என்றார். பிடிபட்டவர்களும் காணாமல்போனவர்களும் பின்னால் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களையும் விட்டுவிடுவோம். கடைசியாக ஏறுகிறவனைப் படம் எடுக்கிறார்கள். அவன் ஏறிய பிறகு கேமராவைத் திருப்பி இந்தப் பக்கம் யாரும் எடுப்பதில்லை.

5 செப்டம்பர் 2021

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுதியது மூன்று நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது. அவர் கேட்டதன் சாரம்: "போனது துரோகமா இல்லையா என்று நீங்கள் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களிடம் யார் கேட்டது? நீங்கள் போன அன்றுதான் நாங்கள் கதவைத் திறந்து வைத்துத் தூங்கினோம்."

1987 அக்டோபர் 21, யாழ்ப்பாணம் மருத்துவமனை. நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று 60 பேருக்கு மேல் எங்கள் படையின் கையால் செத்தார்கள். தீபாவளி நேரம். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள். நான் இருந்தது வேறு மாவட்டம், வேறு வருடம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அதே சீருடை.

நான் இதுவரை எழுதியதில் உள்ளூர் மக்கள் எல்லோரும் நாங்கள் போவதை நினைத்துப் பயந்தார்கள் என்ற தொனி இருக்கிறது. தப்பு. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் போனது விடுதலை. கிழக்கில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கும் பிடித்து வந்த பையன்களுக்கும் அது மரணம். போனது ஒரே படை, ஒரே கப்பல். துரோகம் என்ற சொல்லைப் பயன்படுத்துமுன் யாருக்கு என்று கேட்க வேண்டும் என்பதை இந்த அக்கா எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரவில்லை. எங்களுக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நண்பர்களைப் புதைத்துவிட்டும் எரித்துவிட்டும் வருகிறோம், நம் மாநில முதல்வரே வரவில்லையே என்று. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்று அவர் நினைத்ததை இன்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அன்றைய கோபமும் நியாயம், அவர் வராததும் நியாயம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

18 செப்டம்பர் 2021

ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ட்ரோன் தாக்குதலில் பயங்கரவாதியைக் கொன்றோம் என்றார்கள் அல்லவா. பென்டகன் நேற்று ஒப்புக்கொண்டது: இறந்த 10 பேரும் பொதுமக்கள். 7 பேர் குழந்தைகள். படை போவதற்கு முந்தைய நாள் நடந்தது.

"போவதற்குள் இன்னும் கொஞ்சம் நல்லது செய்துவிட்டுப் போகலாம்" என்று வாதாடியவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிளம்பும் படை பயந்த படை. அதன் விரல் விசையிலேயே இருக்கும். கடைசி வாரங்களில் எங்கள் ரோந்தும் அப்படித்தான் இருந்தது. சைக்கிளில் தூரத்தில் ஒருவன் வந்தாலும் எல்லோரும் தரையில் படுத்துவிடுவோம்.

21 செப்டம்பர் 2021

நேற்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ஹர்கிகளிடம் மன்னிப்புக் கேட்டார். யார் ஹர்கிகள் என்று கேட்பவர்களுக்கு: அல்ஜீரிய விடுதலைப் போரில் பிரான்ஸ் பக்கம் நின்று சண்டை போட்ட அல்ஜீரிய முஸ்லிம்கள். 1962 மார்ச்சில் போரை நிறுத்த எவியான் ஒப்பந்தம். ஜூலையில் சுதந்திரம். இடைப்பட்ட மாதங்களில் ஹர்கிகளின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கள் ஆட்களைச் சொந்த முயற்சியில் கப்பலேற்றிய அதிகாரிகள் சிலர் உண்டு. அப்படி ஏற்றக் கூடாது என்று பாரிஸிலிருந்து உத்தரவு போனது. விடப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். வந்து சேர்ந்தவர்களையும் முள்வேலி முகாம்களில் வைத்தார்கள்.

59 வருடம் கழித்து மன்னிப்பு.

பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருந்திருக்க வேண்டும் என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். போனது நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் அந்த உத்தரவு ஒரு குற்றம். இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதினால் ஒன்றையொன்று வெட்டவில்லை பாருங்கள். கேள்வி கேட்ட தம்பிக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இது. ஹர்கிகள் செய்த கொடுமைகளைப் பற்றி ஏன் பேசவில்லை என்று யாராவது கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள், பலர். நம்மோடு நின்றவர்களும் செய்தார்கள். நாமும் செய்தோம். நமக்கு மட்டும் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது.

11 அக்டோபர் 2021

"போவதுதான் சரி என்றால் ருவாண்டா?" என்று கேட்டவருக்கு.

இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. 1994 ஏப்ரல் 11. ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருந்த நேரம். தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளி. ஐ.நா. கொடியின் கீழ் பெல்ஜியம் வீரர்கள் காவல் நின்றார்கள், உள்ளே ஏறக்குறைய 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே வெட்டுக்கத்தியோடு கும்பல் காத்திருந்தது. வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு வீரர்கள் கிளம்பினார்கள். வண்டிகளின் முன்னால் படுத்து மறித்தார்கள் மக்கள். வண்டிகள் போய்விட்டன. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பத்து நாளில் பாதுகாப்புச் சபை அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைத்தது.

அதனால் இப்படி ஒரு உரைகல் வைத்துப் பார்க்கிறேன். நாம் நிற்பதால்தான் சண்டையா, நாம் நிற்பதால்தான் சண்டை நடக்காமல் இருக்கிறதா? முதலாவது என்றால் கிளம்ப வேண்டும். இரண்டாவது என்றால் ஒரு ஆள் மிஞ்சும்வரை நிற்க வேண்டும். கிகாலியில் அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் இரண்டாவது வகை.

12 அக்டோபர் 2021

நேற்றைய உரைகல் எங்கள் முகாம் இருந்த சாலையிலேயே உடைந்துவிடுகிறது. கிழக்குப் பக்கம் இரண்டு மைல் போனால் நாங்கள் வருகிறோம் என்றுதான் கண்ணிவெடி வைப்பார்கள், ஊர்க்காரர்கள் சாவார்கள். மேற்குப் பக்கம் ஒரு குடியிருப்பில் நாங்கள் ராத்திரி தங்கினால்தான் அன்றைக்கு அங்கே யாரையும் தூக்கிப் போக மாட்டார்கள். ஒரே படை, ஒரே நாள். உரைகல்லைத் தூக்கிப் போடவில்லை. ஒரு நாட்டுக்கு மொத்தமாக அதை உரசிப் பார்க்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

6 நவம்பர் 2021

இரண்டு திருத்தம்.

முதலாவது சின்னது. வேறொருவருக்குப் பதில் எழுதும்போது "வி.பி. சிங் வந்துதான் படையைத் திருப்பி அழைத்தார்" என்று எழுதிவிட்டேன். அவர் பிரதமரானது 1989 டிசம்பர் 2. அதற்கு முன்பே இலங்கை ஜனாதிபதி பிரேமதாச ஜூலைக்குள் போகச் சொல்லி ஜூன் 1 அன்று பகிரங்கமாகக் கேட்டார். ஜூலை 29 அன்று ஒரு சிறு அணி கப்பலேறியது. செப்டம்பரில் இரண்டு அரசும் கூட்டறிக்கை விட்டன. ராஜீவ் காலத்திலேயே தொடங்கிவிட்டது. வி.பி. சிங் முடித்துவைத்தார். கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24, திருகோணமலை.

இரண்டாவது பெரியது. ஆகஸ்ட் 22 அன்று அந்த அம்மாவிடம் "எங்களுக்கே ஒன்றும் தெரியாதம்மா" என்று சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். சொன்னது உண்மை. தெரியாது என்பது பொய். தேதி வந்த செய்தியை வாங்கியதே நான்தான், என் கையெழுத்தில், நான்கு நாள் முன்பு. முகாமில் அதிகாரிகளை விட்டால் அந்தத் தேதி தெரிந்த ஒரே ஆள் நான்.

ரகசியம் காக்க வேண்டியது என் கடமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடமைக்காக மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அவர் தங்கையிடம் சொல்வார், சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்குத் தெரியும், இரவுக்குள் கிட்டங்கி காலியாகும். எங்கள் வண்டி வரிசை ஒன்பது மைல் சாலையைத் தாண்ட வேண்டும். வழியில் மூன்று மதகு. போன மாதம்தான் அதில் ஒன்றில் எங்கள் லாரி ஒன்று போனது. என்னோடு ஒரே டென்டில் படுத்த ஹவில்தாரின் கால் செருப்பு மட்டும் கிடைத்தது. அவர் ஊருக்குத் திரும்ப ஆறு வாரம் இருந்தது. அந்த வண்டிகளில் ஏறப்போகிற மற்றவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அந்தப் பையன் ஒருவன். இவர்கள் எண்பது பேர். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. வியட்நாம் போரைப் பற்றி 1971இல் அமெரிக்க செனட் குழுவின் முன், அந்தப் போரிலிருந்து திரும்பிய ஜான் கெர்ரி கேட்டார்: ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது என்று. நல்ல கேள்வி, எங்கள் ஹவில்தாருக்காக அதை நானும் கேட்பேன். என் கணக்கில் அந்தக் கடைசி மனிதனின் இடத்தை நான் ஒரு பதினேழு வயதுப் பையனுக்குக் கொடுத்தேன். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

7 நவம்பர் 2021

"நீ சொல்லியிருந்தால் மட்டும் அவன் பிழைத்திருப்பானா?" என்று ஆறுதலாகக் கேட்டவர்களுக்கு நன்றி. தெரியாது. அந்த அம்மா ஒரு சொல் மட்டும்தான் கேட்டார், உத்தரவாதம் கேட்கவில்லை.

கிளம்பும்போது பையன்களிடம் ஒரு வயர்லெஸ் செட்டை விட்டுவிட்டு வந்தோம். அலைவரிசையை எழுதிக் கொடுத்தது நான். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதும் எனக்குத் தெரியும். முதல் நாள் கேட்டார்கள், "அண்ணா, சாப்பாட்டு லொறி எப்ப வரும்?" இரண்டாம் நாளும் அதே கேள்வி. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு செட் பேசவில்லை. பேட்டரி இன்னும் இரண்டு நாள் வந்திருக்க வேண்டும்.

நாங்கள் முகாம் முகாமாகக் காலி செய்யச் செய்யப் புலிகள் பின்னாலேயே வந்தார்கள். டி.என்.ஏ. பையன்களில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் சரணடைந்தார்கள், துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அதுவரைதான் தெரியும்.

15 பிப்ரவரி 2022

க்ரோமோவ் பாலத்தைத் தாண்டி இன்றோடு 33 வருடம். ஆகஸ்டில் அவரைப் பற்றி நான் எழுதியது அரைகுறை. சோவியத் படை போனதும், அது தாங்கிப் பிடித்திருந்த ஆப்கான் ஜனாதிபதி நஜிபுல்லாவின் அரசு சில மாதத்திலேயே விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1992 ஏப்ரல்வரை தாங்கியது. எண்ணெயும் ஆயுதமும் பணமும் வந்துகொண்டிருந்தவரை தாங்கியது. சோவியத் யூனியனே இல்லாமல் போய் எல்லாம் நின்றதும் சில மாதத்தில் சரிந்தது. படை போவது வேறு, கைவிடுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

எழுதிவிட்டு யோசித்தால், அந்த மூன்று வருடமும் அங்கே சண்டைதான். சண்டைக்குத்தான் அந்தப் பணம் போனது. நஜிபுல்லாவும் கடைசியில் ஐ.நா. வளாகத்தில் நான்கு வருடத்துக்கு மேல் அடைந்து கிடந்து, 1996இல் தாலிபான் கையில் செத்தார். தாங்கியது என்ற சொல்லை நான் கொஞ்சம் சுலபமாக எழுதிவிட்டேன்.

24 மார்ச் 2022

கடைசிக் கப்பல் நாள்.

நேற்று ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி திறக்கும் என்று சொல்லி, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வந்த பிறகு சில மணி நேரத்தில் மூடிவிட்டார்கள். கேள்வி கேட்ட தம்பி அந்தப் படத்தைப் போட்டு, "இப்போதும் போனது சரி என்கிறீர்களா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் தம்பி. அந்தப் பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். குண்டு போட்டு அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது. ஆனால் அந்த நாட்டின் மத்திய வங்கிப் பணத்தை அமெரிக்கா முடக்கி வைத்துக்கொண்டு அவள் வீட்டில் அடுப்பெரியாமல் செய்வது போனதில் சேராது. அது தனிக் கணக்கு.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியதும் படகில் அகதிகள் ராமேஸ்வரம் வந்தார்கள். நான் விடுப்பில் மண்டபம் முகாமுக்கு இரண்டு தடவை போனேன். மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் அதிகம் இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒரு பெரியவர் மட்டும், "நீங்க அங்க என்ன செய்தீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

நவம்பரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர், இப்போது வேறு நாட்டில் இருப்பவர், எழுதியிருந்தார். அவருடைய பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். "ஊரைச் சொல்லுங்கள் ஐயா, கிட்டங்கி எது என்று சொன்னால் போதும், விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். நான்கு மாதம் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். அந்த அம்மா இருந்தால் எண்பது வயதைத் தாண்டியிருப்பார். அவரிடம் யாராவது போய், அந்த வாசலில் தமிழ் பேசிய ஆமிக்காரன் விசாரிக்கிறான் என்று சொன்னால், அதைக் கேட்க அவருக்கு விருப்பம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் அவருக்காக நான் முடிவெடுக்கிறேன் என்று தோன்றியபோதுதான் எழுதினேன்.

நேற்று இரவு ஊர்ப் பெயரையும் கிட்டங்கியின் அடையாளத்தையும் அனுப்பிவிட்டேன். தேதி எனக்கு நான்கு நாள் முன்பே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.